முன்வரிசை ஐவரைத் தேர்ந்தெடுக்கும் முறை

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்படும் கால்பந்தில் பந்தை ஏந்தி ஓடுகிறவனுக்கும், அதை எறிகிறவனுக்கும், எறிந்ததைத் தாவிப் பிடிக்கிறவனுக்கும் ஓடிய கெஜம் இத்தனை, எறிந்த கெஜம் இத்தனை, ஈட்டிய புள்ளி இத்தனை என்று தனித்தனியே கணக்கு எழுதி வைக்கிறார்கள். அம்மூவருக்கும் முன்னே குனிந்து நின்று, எதிரணியின் மோதலையெல்லாம் நெஞ்சில் தாங்கிக்கொள்கிற ஐவருக்கோ அத்தகைய கணக்கு எதுவும் கிடையாது. நடுவே சென்டர் ஒருவன், அவனுக்கு இருபுறமும் கார்டுகள் இருவர், அவர்களுக்கும் அப்பால் டேக்கிள்கள் இருவர் ஆகிய இந்த ஐவரும் 50 முதல் 79 வரையிலான எண்களைச் சட்டையில் தரித்து நிற்பார்கள். முன்னோக்கி எறிந்த பந்தைப் பிடிக்க விதி இவர்களை அநுமதிப்பதில்லை. பந்து எறியப்படும் வேளையில் கோட்டைக் கடந்து மூன்று கெஜத்துக்கு மேல் போய்விட்டாலும் அபராதம் உண்டு. 1935 முதல் வழங்கப்பட்டு வரும் ஹைஸ்மன் பரிசு இந்த ஐந்து ஸ்தானங்களில் ஆடிய எவருக்கும் கிட்டியதில்லை. 1973-இல் ஓஹையோ ஸ்டேட் சர்வகலாசாலையின் டேக்கிள் ஜான் ஹிக்ஸ் இரண்டாம் இடம்வரை வந்ததே பெரிய விசேஷமாகப் பேசப்பட்டது. ஆகவே, இவர்களைத் தேர்ந்தெடுக்க அமர்கிற பயிற்சியாளர், கணக்குப் புத்தகத்தைப் புரட்டி முடிவு செய்ய வழியில்லாமல், தம்முடைய கண்ணையும் பொறுமையையுமே நம்ப வேண்டியவராகிறார்.

இந்நூலை வாசிக்கிறவர் சிறு கல்லூரியொன்றில் துணைப் பயிற்சியாளராக அமர்ந்தவராக இருக்கலாம். சனிக்கிழமைதோறும் பந்தயம் பார்ப்பதை நியமமாகக் கொண்ட ரசிகராகவும் இருக்கலாம். முன்னவர் தேர்ந்தெடுக்க வேண்டியவர். பின்னவர் அந்தத் தேர்வைக் குறை கூற வேண்டியவர். இருவருக்கும் வேண்டிய ஞானம் ஒன்றுதான். முன்வரிசையாளன் ஒருவனுடைய தரம், அவன் எதிரியைப் புரட்டித் தள்ளிக் கூட்டத்தின் ஆரவாரத்தைப் பெற்ற அந்த ஒரு தருணத்தால் தெரிவதில்லை. அவன் தோற்ற தருணங்கள் எத்தனை, எப்படித் தோற்றான் என்பதால்தான் தெரிகிறது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த அபிப்பிராயத்தின் மேலேயே நிற்கிறது.

காலத்தைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வசந்த காலத்தில் பயிற்சிக்கு விதி அநுமதிக்கும் நாட்கள் 15. பிறகு கோடை கழிந்து ஆகஸ்டு மாதத்து முகாம். அந்த மாதக் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ முதல் பந்தயம். வசந்த காலத்தில் எவருக்கும் ஸ்தானத்தை நிச்சயம் செய்துவிடாமல், கார்டை டேக்கிளாகவும், வலப்புறத்தானை இடப்புறத்தானாகவும் மாற்றி மாற்றி நிறுத்திப் பார்க்க வேண்டும். பரீட்சைக்கு உரிய பருவம் அது. முகாமின் முதற்பாதியில் போட்டி நடக்கட்டும். முதல் பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஐவரும் நிச்சயமாகி, அன்று முதல் ஒவ்வொரு ஸ்னாப்பிலும் அந்த ஐவரே அருகருகே நிற்க வேண்டும். அதற்குப் பிறகும் தேர்வை இழுத்துக்கொண்டிருக்கிற பயிற்சியாளரை நான் நிதானஸ்தர் என்று புகழ மாட்டேன்.

தேர்வைச் சென்டரிலிருந்து தொடங்குக. பலர் டேக்கிளிலிருந்து தொடங்குகிறார்கள். உயரமும் பருமனும் கண்ணைப் பறிப்பதுதான் அதற்குக் காரணமேயன்றி வேறில்லை. சென்டர் ஒருவனே ஒவ்வொரு முறையும் பந்தைத் தொடுகிறவன். தலைகுனிந்த நிலையில் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னோக்கி அனுப்பி, அனுப்பிய கை திரும்பி வருவதற்குள், ஒரு முழ தூரத்தில் நிற்கிற 300 ராத்தல் எடையுள்ள, அதாவது ஏறக்குறைய 136 கிலோ கனமுள்ள எதிரியை அவன் சந்தித்தாக வேண்டும். இக்காலத்தில் குவார்ட்டர்பேக் பெரும்பாலும் அவன் முதுகை ஒட்டி நிற்பதில்லை. சுமார் ஐந்து கெஜம் பின்னே தள்ளி நிற்கிறான். ஆதலால் பந்து காற்றில் சென்று அவன் மார்புக்கு நேரே சேர வேண்டும். அது முழங்காலுக்குத் தாழ்ந்தாலும் தலைக்கு மேலே உயர்ந்தாலும், மற்ற பத்துப் பேரின் உழைப்பும் அந்த க்ஷணத்திலேயே வீணாகிவிடும்.

பந்தை அனுப்புவதைக் காட்டிலும் பெரிய பொறுப்பு ஒன்று அவனுக்கு உண்டு. எதிரணி அணிவகுத்து நின்றதும், அதன் நடு லைன்பேக்கர் யார் என்பதைக் கண்டு, ‘மைக்’ என்று பெயரிட்டு, அவனுடைய எண்ணைச் சென்டர் உரக்கச் சொல்கிறான். அதைக் கொண்டே மற்ற நால்வரும் தத்தமக்கு உரிய எதிரியைக் கணக்கிட்டுக்கொள்கிறார்கள். அவன் தவறாகக் கணக்கிட்டால், ஐவரும் தத்தம் காரியத்தைப் பிழையின்றிச் செய்தும், ஆறாவது ஆள் ஒருவன் தடுப்பாரின்றி உள்ளே புகுந்து குவார்ட்டர்பேக்கை வீழ்த்திவிடுவான். ஆகையால் சென்டருக்கு முதல் பரீட்சையைக் கரும்பலகையில் வைக்க வேண்டும். எதிரணியின் அணிவகுப்பு ஒன்றை வரைந்து காட்டி, ‘மைக் யார்?’ என்று கேளுங்கள். ஐந்து விநாடிக்குள் பதில் வர வேண்டும். வந்ததும், ‘இப்போது வலப்புற டேக்கிள் என்ன செய்வான்?’ என்று கேளுங்கள். தன் வேலையை மட்டும் அறிந்தவன் நல்ல கார்டாகலாம். நால்வருடைய வேலையையும் அறிந்தவனே சென்டராகத் தகுந்தவன்.

இரண்டாம் பரீட்சை ஈரத்திலும் இரைச்சலிலும் நடக்க வேண்டும். வாளித் தண்ணீரில் முக்கிய பந்தைக் கொடுத்து, ஓடிக் களைத்து மூச்சு வாங்கும் நிலையில் அவனை அனுப்பச் சொல்லுங்கள். மிச்சிகன், பென் ஸ்டேட், ஓஹையோ ஸ்டேட் போன்ற இடங்களின் அரங்குகளில் லட்சத்துக்கும் அதிகமானோர் அமர்ந்து கூச்சலிடும்போது குவார்ட்டர்பேக்கின் குரல் மூன்று கெஜத்துக்கு அப்பால் கேட்பதில்லை. அப்போது பக்கத்துக் கார்டு தலையைத் திருப்பிக் குவார்ட்டர்பேக்கின் சைகையைப் பார்த்துச் சென்டரைத் தட்ட, சென்டர் முன்பே பேசிவைத்த அளவு தாமதித்துப் பந்தை அனுப்புவது வழக்கம். பயிற்சி மைதானத்தில் ஒலிபெருக்கிகளை அலறவிட்டு இதைப் பழக்குகிறார்கள். அந்த இரைச்சலிலும் நிதானம் தவறாதவனே வெளியூர்ப் பந்தயத்துக்கு உகந்தவன்.

தேக கனம் சென்டருக்குப் பிரதானமன்று என்பதற்கு ஐயோவா சர்வகலாசாலையின் டைலர் லிண்டர்பாம் நல்ல உதாரணம். தடுப்பாளனாகச் சேர்ந்தவரை அங்கே சென்டராக மாற்றினார்கள். அந்த ஸ்தானத்தில் பெரிய பள்ளிகளில் வழக்கமாகிவிட்ட 300 ராத்தலை எட்டாத உடம்போடு அவர், சிறந்த சென்டருக்கு வழங்கப்படும் ரிமிங்டன் பரிசை 2021-இல் பெற்றார். மறு ஆண்டில் அதே பரிசையும், உள்வரிசை ஆட்டக்காரருக்கு 1946 முதல் அளிக்கப்பட்டு வரும் அவுட்லண்ட் பரிசையும் சேர்த்துப் பெற்ற ஒலுசேகுன் ஒலுவாட்டிமியின் கதை வேறு வகை. வர்ஜீனியாவிலிருந்து ஒரே ஓர் ஆண்டுக்காக மிச்சிகனுக்கு வந்து சேர்ந்தவர் அவர். புதிதாய் வந்த ஒருவரை வரிசையின் நடுவிலேயே நிறுத்துவது துணிச்சலான காரியம்தான். ஆனால் அறிவும் வாயும் உள்ள சென்டர் புது இடத்துச் சங்கேதங்களை விரைவில் தனதாக்கிக்கொள்கிறான் என்பது அதனால் பிரத்தியட்சமாயிற்று.

அடுத்து டேக்கிள்கள். இங்கே பயிற்சியாளர் கேட்க வேண்டிய முதற்கேள்வி டேக்கிளைப் பற்றியதே அன்று. குவார்ட்டர்பேக் எந்தக் கையால் எறிகிறான் என்பதுதான். வலக்கையால் எறிகிறவன் எறிவதற்குத் திரும்பி நிற்கும்போது இடப்புறத்தை அவன் காண்பதில்லை; அந்தக் காணாத பக்கத்தைக் காப்பவன் இடப்புற டேக்கிள். 1985 நவம்பர் 18-ஆம் தேதி நடந்த தொழில்முறைப் பந்தயம் ஒன்றில் வாஷிங்டன் அணியின் ஜோ தைஸ்மனை நியூயார்க்கின் லாரன்ஸ் டெய்லர் வீழ்த்த, தைஸ்மனின் கால் எலும்பு முறிந்து, அத்துடன் அவருடைய ஆட்ட வாழ்க்கையே முடிந்தது. மைக்கேல் லூயிஸ் 2006-இல் எழுதிய நூல் இந்தச் சம்பவத்திலிருந்து தொடங்கியே இடப்புற டேக்கிளின் மதிப்பு உயர்ந்த வரலாற்றைச் சொல்கிறது. அந்த நூலுக்குப் பிறகு இடப்புறத்தைப் பற்றிப் பேசாதவர் இல்லை. பேசுகிறவர்களில் பாதிப்பேர் குவார்ட்டர்பேக்கின் கையைக் கவனிப்பதில்லை. அலபாமாவின் டுவா டகோவைலோவாவும், 2023-இல் வாஷிங்டன் சர்வகலாசாலையின் மைக்கேல் பெனிக்ஸும் இடக்கையர்கள். அவர்களுக்குக் காணாத பக்கம் வலப்புறமே.

டேக்கிளுக்குக் கையின் நீளம் வேண்டும். தோளிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து, 33 அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால் திருப்தி அடைகிறார்கள். எதிரியின் கை தன் மார்பை எட்டுமுன் தன் கை அவன் மார்பை எட்டிவிட வேண்டும் என்பதே அதன் தாத்பரியம். ஆயினும் ஆஜானுபாகுவாக நிற்கிறவன் எல்லாம் டேக்கிள் ஆகிவிட மாட்டான். அவனுடைய பாதங்களைப் பாருங்கள். ஓரத்திலிருந்து வேகமாக வளைந்து வருகிற எதிரியை மறிக்க அவன் பின்னோக்கிச் சரிந்து சரிந்து காலெடுத்து வைக்கும்போது, தோள்கள் சமமட்டமாக இருக்கின்றனவா, இடுப்பு தாழ்ந்திருக்கிறதா, உடல் முன்னே சாய்ந்து போகிறதா என்பவற்றைக் கவனித்தாலே பாதி பரீட்சை முடிந்துவிடும். உயர்நிலைப் பள்ளியில் அந்தப் பையன் கூடைப்பந்து ஆடியவனா, மல்யுத்தம் பழகியவனா என்று விசாரிக்கும் பயிற்சியாளர் பலர்; அதுவும் வீண் விசாரணை அன்று, முன்னது பாதத்தின் சாமர்த்தியத்தையும், பின்னது இடுப்பின் பலத்தையும் காட்டிக்கொடுக்கும்.

பருமனான ஒருவனுக்குப் பாத வேகத்தைக் கற்பிப்பதைவிட, வேகமான பாதமுள்ள ஒருவனுக்கு உணவும் இரும்புத் தூக்கும் கொடுத்துப் பருமனைச் சேர்ப்பது சுலபம். டைட் எண்டாக ஐயோவாவுக்கு வந்த ராபர்ட் கேலரி, டேக்கிளாக மாறி 2003-இல் அவுட்லண்ட் பரிசு பெற்றார். லேன் ஜான்சனோ இரண்டாண்டுக் கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக இருந்தவர்; ஒக்லஹோமாவுக்கு வந்து டைட் எண்டு, தடுப்பாளர் என்று சுற்றி, கடைசியில் டேக்கிள் ஸ்தானத்தில் நிலைகொண்டார். ஆகையால் உங்கள் டேக்கிள், முன்வரிசைப் பட்டியலில் இல்லாமல், டைட் எண்டுகளின் கூட்டத்திலே மெலிந்த உடம்போடு நின்றுகொண்டிருக்கலாம். அங்கேயும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. ஆனால் இம்மாற்றத்துக்கு ஓராண்டாவது பிடிக்கும். ஆகஸ்டில் நினைத்து செப்டம்பரில் நடத்துகிற காரியமன்று.

கார்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டேக்கிளுக்கு வேண்டிய கை நீளம் வாய்க்காத வலியவர்கள் இயல்பாகவே இங்கே வந்து சேர்கிறார்கள். ஸ்தானத்தை விட்டு வரிசைக்குப் பின்னால் பக்கவாட்டில் ஓடிச் சென்று, பந்தேந்தியவனுக்கு முன்னே வழி திறந்துவிடுகிற ஆட்டங்கள் உங்கள் முறையில் உண்டென்றால் பத்து கெஜத்து ஓட்டத்தைச் சோதியுங்கள். இல்லையென்றால் பலத்தைச் சோதியுங்கள். ஆனால் கார்டை ஒருபோதும் தனியே நிறுத்திச் சோதிக்கக் கூடாது. சென்டரும் கார்டும் ஒருங்கே ஒரு தடுப்பாளனைத் தாக்கி நகர்த்தி, இருவரில் ஒருவன் சரியான தருணத்தில் விலகிப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரைப் பிடிக்கும் ஆட்டம் இந்த வரிசையின் உயிர்நிலை. வண்டிக்கு ஜோடி மாடு வாங்குகிற சம்சாரி, பலத்த மாட்டோடு சண்டி மாட்டைப் பூட்டாமல், நடை ஒத்த இரண்டைத் தேடுவதுபோல், சென்டரின் காலடிக்கு ஒத்த காலடி உள்ள கார்டையே தேட வேண்டும். இதில் சந்தேகம் எழுந்தால், பலம் சற்றே குறைந்த ஒத்தவனை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, தேர்வுக்கு ஆதாரமான படம் பார்க்கும் வேலை. பயிற்சியாட்டம் ஒவ்வொன்றையும் உயரத்திலிருந்தும் பின்புறத்திலிருந்தும் படமெடுத்து வைக்கிறார்கள். அதை அன்றிரவே, ஒரு ஸ்னாப்பை ஐந்து முறை ஓடவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒருவனை மட்டும் பார்க்க வேண்டும். மூன்று கேள்விகள் போதும்: தனக்கு உரிய எதிரியிடம் சென்றானா? கற்பித்த முறையில் காலும் கையும் வைத்தானா? எதிரியைத் தன் காரியம் முடியும்வரை தடுத்தானா? மூன்றுக்கும் தனித்தனியே குறியிட வேண்டும். ஏனென்றால், தோல்விகளில் இரு ஜாதி உண்டு. யாரைத் தடுக்க வேண்டும் என்று அறியாமல் தோற்றவனைக் கரும்பலகைக்கு முன் உட்கார வைத்துத் திருத்தலாம். அறிந்து, சரியாக அடியெடுத்து வைத்து, அப்படியும் எதிரியின் வேகத்துக்கு ஈடு கொடுக்க மாட்டாமல் தோற்றவனை முகாமின் நான்கு வாரத்தில் திருத்த முடியாது. குறியிடாமல், ‘நன்றாக ஆடினான், நன்றாக ஆடவில்லை’ என்று மனத்தில் மாத்திரம் கணித்து வைக்கிறவருக்கு இந்த இரு ஜாதியும் ஒன்றாகவே தோன்றும்.

ஒரு பந்தயத்தில் ஏறக்குறைய 60 முதல் 80 ஸ்னாப் வரை ஆட நேரும். எழுபதில் பத்து முறை எதிரியை மல்லாத்திவிட்டு நான்கு முறை குவார்ட்டர்பேக்கை அடிபடவிடுகிறவனையும், எவரையும் மல்லாத்தாமல் ஒரே ஒரு முறை மட்டும் தவறுகிறவனையும் என் முன் நிறுத்தினால், யோசனையின்றி இரண்டாமவனையே எடுத்துக்கொள்வேன். பத்து கெஜம் முன்னேற நான்கே வாய்ப்புத் தருகிற ஆட்டத்தில், ஒரு வீழ்த்தல் ஏழெட்டு கெஜத்தையும் ஒரு வாய்ப்பையும் விழுங்கிவிடுகிறது. எதிரியைப் பிடித்து இழுத்தால் பத்து கெஜம், பந்து எழும்பும் முன் அசைந்தால் ஐந்து கெஜம் என்று அபராதங்கள் வேறு. மல்லாத்திய பத்து முறையில் ஏழெட்டு, பந்து எங்கோ போன பிறகு நடந்த வீரச் செயல்களாகவே இருக்கும். ரசிகர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஓடும் ஆட்டக்காரனுக்குத் தெரியும்.

இவ்விதம் குறியிட்டு முடித்தால் பழைய வழக்கு ஒன்று எழும். ஸ்தானத்துக்கு ஸ்தானம் சிறந்தவனை நிறுத்துவதா, ஸ்தானம் எதுவானாலும் கல்லூரியிலுள்ள சிறந்த ஐவரைப் பொறுக்கியெடுத்து எப்படியாவது பொருத்திவிடுவதா? பயிற்சியாளர்களில் பெரும்பாலோர் பின்னதைத்தான் வாயால் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. இடப்புறத்தில் நிற்கிறவனுக்கும் வலப்புறத்தில் நிற்கிறவனுக்கும் முன்வைக்கும் கால், ஊன்றும் கை, திரும்பும் இடுப்பு எல்லாம் மாறுகின்றன. மூன்றாண்டு ஒரு பக்கம் பழகியவனை மறுபக்கம் நிறுத்தினால் அவனே புதியவன் ஆகிவிடுகிறான். ஒருவனை நகர்த்த இருவர் ஸ்தானம் மாறுவதானால், அந்த மாற்றத்தால் வரும் லாபம் மிகத் தெளிவாகத் தெரிய வேண்டும். ஆறாவது ஆள் ஐந்தாமவனைவிடக் கொஞ்சம்தான் உயர்ந்தவன் என்றால், ஐந்தாமவனே நிற்கட்டும். ஆறாமவனைக் கார்டாகவும் டேக்கிளாகவும் இரு பக்கமும் பழக்கி வையுங்கள். கணுக்காலும் முழங்காலும் சதா ஆபத்தில் இருக்கிற இந்த வரிசையில், தொடக்கத்தில் நின்ற ஐவரே பருவம் முழுதும் நிற்பது அபூர்வ பாக்கியம். அந்த ஆறாமவனுக்கும் வாரம்தோறும் முதல் ஐவரோடு சில ஸ்னாப் கொடுத்து வராவிட்டால், தேவைப்படும் நாளில் அவன் அந்நியனாகவே உள்ளே வருவான்.

முதலாண்டு மாணவரைத் தொடக்கத்திலேயே நிறுத்தலாமா என்பதையும் கேட்பார்கள். 1994-இல் ஓஹையோ ஸ்டேட்டில் ஆர்லாண்டோ பேஸ் அப்படி நின்றார். 2018-இல் ஆரகானில் பெனெய் சூவல் நின்றார். இருவரும் பின்னர் அவுட்லண்ட் பரிசு பெற்றவர்கள். அவர்கள் விதிவிலக்குகள். பதினெட்டு வயதுப் பையன், தன்னைவிட மூன்று நான்கு வயது மூத்த, அத்தனை ஆண்டும் இரும்பு தூக்கிய எதிரிக்கு முன் நிற்பது, அறிவுக்கும் திறமைக்கும் அப்பாற்பட்ட தேக முதிர்ச்சியைப் பொறுத்தது. 2018 முதல் நான்கு பந்தயம்வரை ஆடினாலும் தகுதி ஆண்டு கழிந்துவிடாது என்று விதி செய்திருப்பதால், இளையவர்களை நிதானமாகச் சோதிக்க வசதியும் ஏற்பட்டிருக்கிறது. அவ்வாண்டிலேயே தொடங்கிய மாற்றுப் பதிவேட்டின் வழியாக வேறு கல்லூரியிலிருந்து தேர்ந்த ஆட்களை வரவழைப்பது இப்போது பெருவழக்கு. வரவழையுங்கள், ஆனால் ஒரே கோடையில் ஐந்து ஸ்தானத்தில் மூன்றை அப்படி நிரப்பினால், பலசாலிகள் ஐவர் கிடைப்பார்கள், வரிசை கிடைக்காது.

எடையைப் பற்றி இன்னொன்று. ஃபோர்டாம் கல்லூரியில் 1936-இல் ‘ஏழு கருங்கற்கள்’ என்று புகழ் பெற்ற முன்வரிசையில் வலப்புறக் கார்டாக நின்ற வின்ஸ் லொம்பார்டி 200 ராத்தல்கூட இல்லாதவர். அது அந்தக் காலம் என்று தள்ளிவிடலாம். ஆனால், சிறந்த முன்வரிசைக்கென்றே, தனி ஒருவருக்கு இன்றி வரிசை முழுவதற்குமாக, 2015 முதல் அளிக்கப்பட்டு வரும் ஜோ மூர் பரிசு, 2024-இல் ராணுவக் கல்லூரியான ஆர்மிக்குப் போயிற்று. சேனைக்கு அதிகாரிகளைத் தயாரிக்கும் அக்கல்லூரி, பெரிய பள்ளிகளின் பருமனை நாட முடியாது, நாடவும் இல்லை. தாழ்ந்து பாய்கிற, ஓட்டத்தையே பிரதானமாகக் கொண்ட தன் ஆட்டமுறைக்கு ஏற்ற ஐவரை நிறுத்தியது. உங்கள் ஆட்டம் எறிவதையே நம்பியதானால் அதே ஐவர் உங்களுக்குப் பயன்படாமல் போகலாம். ஆட்டமுறையை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு ஆளைத் தேடுங்கள்.

ஐவரும் நிச்சயமானதும், பட்டியலைச் சுவரில் ஒட்டுவதற்கு முன், இடம் பெறாதவர்களை ஒவ்வொருவராக அழைத்து, அவரவருடைய குறிப்பேட்டைத் திறந்து காட்டிக் காரணம் சொல்லுங்கள். ஐவருக்குச் சொல்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதல் பந்தயத்தில் வரிசை தடுமாறும். பத்திரிகைகளும் பழைய மாணவர்களும் மாற்றம் கேட்பார்கள். காயம் ஒன்றைத் தவிர வேறெந்தக் காரணத்துக்காகவும் மூன்றாம் பந்தயம் முடியும்வரை பட்டியலைத் திருத்தாதீர்கள்.